வெளியேற வாசலில்லாத அவை: சில்டர்ன் குன்றுகளின் மணியக்காரர்கள்

2011ஆம் ஆண்டு ஜனவரியில், மேற்கு பெல்ஃபாஸ்ட் தொகுதியின் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜெரி ஆடம்ஸ், காமன்ஸ் சபையின் சபாநாயகருக்குச் சுருக்கமானதொரு கடிதம் அனுப்பினார். தாம் உறுப்பினர் பதவியிலிருந்து விலகுவதாக அதில் தெரிவித்திருந்தார். அயர்லாந்துக் குடியரசின் கீழவைக்கு லவுத் தொகுதியில் போட்டியிடுவது அவர் நோக்கம். அக்கடிதத்தால் மட்டும் அவர் பதவி நீங்கவில்லை. சட்டத்தின் பார்வையில் அவர் உறுப்பினராகவே நீடித்தார். சில நாட்களுக்குப் பின், ஜனவரி 26 அன்று, பிரதமர் டேவிட் கேமரன் அவையில் எழுந்து, ஆடம்ஸ் முடியரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியொன்றை ஏற்றுக்கொண்டுவிட்டதாக அறிவித்தார். அவை சிரித்தது. ஆடம்ஸ் சிரிக்கவில்லை. தாம் அப்படி எந்தப் பதவியையும் கேட்கவுமில்லை, ஏற்கவுமில்லை என்று அவர் மறுத்தார்.

அரசிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, வெற்றிபெற்ற தேர்தல்களுக்குப் பிறகும் ஒருநாளும் அவையில் அமராதவர் ஆடம்ஸ். ஐரிஷ் குடியரசுவாத இயக்கத்தின் முகமாக அறியப்பட்டவர். அப்படிப்பட்டவரை அரசியின் ஊழியராக்கித்தான் லண்டன் அவரை வெளியே விட முடிந்தது. யார்க்ஷயரில் இருக்கும் நார்த்ஸ்டெட் என்னும் பண்ணையின் காரியஸ்தர் என்பது அவருக்கு அளிக்கப்பட்ட பதவி. அங்கே காரியமும் இல்லை, சம்பளமும் இல்லை, சொல்லப்போனால் பண்ணையும் இல்லை.

இந்த ஏற்பாட்டைப் பிரிட்டிஷ் மரபின் வேடிக்கைகளுள் ஒன்றாகவே பாடநூல்களும் பத்திரிகைகளும் சொல்லிச் செல்கின்றன. பொய்மயிர்த் தொப்பி, செங்கோல் வரிசையில் இதற்கும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அமரும் இருக்கை யாருடையது, அதிலிருந்து எழுந்து செல்ல அவருக்கு அனுமதி தருபவர் யார் என்ற நான்கு நூற்றாண்டு வழக்கு இந்த வேடிக்கைக்குள் புதைந்திருக்கிறது.

வழக்கின் தொடக்கம் 1624 மார்ச் 2. அக்கால இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே பழைய ஏடுகளில் இந்நாள் 1623ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டுகளையும் காணும் மாணவர் குழம்ப வேண்டியதில்லை. முதலாம் ஜேம்ஸ் மன்னரின் கடைசி நாடாளுமன்றம் அப்போது கூடியிருந்தது. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் தம் இடத்தைத் தாமாகக் கைவிட இயலாது என்று காமன்ஸ் சபை அன்று தீர்மானித்தது. அத்தீர்மானம் இன்றுவரை நீக்கப்படவில்லை.

இன்றைய கண்ணுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். பதவிக்கு வர அடித்துக்கொள்ளும் உலகத்தில், போகாதே என்று தடுக்க ஒரு விதி எதற்கு? அன்றைய நிலைமை வேறு. உறுப்பினர் பதவி பலருக்குப் பெருமையைவிடச் சுமையாக இருந்தது. குதிரையேறி லண்டனுக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில் சொந்த நிலபுலத்தைப் பிறர் கையில் விட்டுவைக்க வேண்டும். இடைக்கால வழக்கப்படி மாவட்டப் பிரதிநிதிக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங்கும், நகரப் பிரதிநிதிக்கு 2 ஷில்லிங்கும் தேர்ந்தெடுத்த ஊரே படியளக்க வேண்டியிருந்தது. பல ஊர்கள் அதைக் கொடுக்காமல் இருக்க வழி தேடின. அப்படி ஊர் செலவில் அனுப்பப்பட்டவர், ஊருக்காகப் பேச வேண்டியவர், தமக்குத் தோன்றும்போது எழுந்து போகக்கூடாது என்பதே அத்தீர்மானத்தின் அடிப்படை. இருக்கை அவருடைய சொத்தன்று, ஊருடையது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அன்றைய நாடாளுமன்றங்கள் பெரும்பாலும் குறுகிய ஆயுள் கொண்டவை. மன்னர் கூட்டுவார், வரி கேட்பார், சில வாரங்களிலோ மாதங்களிலோ கலைத்துவிடுவார். விலக முடியாது என்ற விதி அப்போது யாரையும் நெடுநாள் கட்டிப்போடவில்லை. 1661 முதல் 1679 வரை நீடித்த இரண்டாம் சார்லஸின் நாடாளுமன்றம் போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆனால் 1716இன் சட்டம் நாடாளுமன்றத்தின் உச்ச ஆயுளை 7 ஆண்டுகளாக நீட்டிய பிறகுதான் விதி இறுகியது. மரணம், அவையால் நீக்கப்படுதல், பிரபுக்கள் சபைக்கு உயர்வு, தகுதியிழப்பு ஆகியவை தவிர வெளியே செல்ல வழியே இல்லை.

இவற்றுள் கடைசியாகச் சொன்ன தகுதியிழப்புத்தான் பின்னாளில் வாசலாயிற்று. அது வாசலாகத் திறக்கப்பட்டதன்று, சுவராகக் கட்டப்பட்டது.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காமன்ஸ் சபை அஞ்சியது மன்னரின் படையைக் காட்டிலும் மன்னரின் பணப்பையை. பதவி, ஓய்வூதியம், மானியம் என்று கொடுத்து உறுப்பினர்களை அரண்மனை வளைத்துக்கொண்டது. மேற்சொன்ன இரண்டாம் சார்லஸின் நீண்ட நாடாளுமன்றத்துக்கு ஓய்வூதிய நாடாளுமன்றம் என்றே ஏளனப் பெயர் ஏற்பட்டது. இதற்கு எதிர்வினையாக 1701இன் வாரிசுரிமைச் சட்டம் கடுமையானதொரு விதியை எழுதியது: முடியரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிக்கும் எவரும் காமன்ஸ் சபையில் உறுப்பினராக இருக்கக் கூடாது. இவ்விதி எழுதியபடியே நடைமுறைக்கு வந்திருந்தால் அமைச்சர்கள் அவையில் அமர்ந்திருக்க முடியாது. நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவை என்று இன்று இந்தியா உட்படப் பல நாடுகள் பின்பற்றும் முறையே உருவாகியிருக்குமா என்பது ஐயம். ஆனால் அது நடைமுறைக்கு வரும் முன்பே, 1705, 1707 ஆண்டுகளின் சட்டங்கள் அதைத் தளர்த்தின. புதிதாக உண்டாக்கப்படும் பதவிகளை ஏற்பவர் அவைக்கே வர முடியாது. பழைய பதவிகளை ஏற்பவர் தம் இடத்தை இழப்பார், ஆயினும் மீண்டும் வாக்காளரிடம் சென்று வென்று வரலாம். மன்னரிடம் சம்பளம் வாங்குகிறாயா, அதை உன் ஊராரிடம் சொல்லிவிட்டு வா என்பதே இதன் பொருள்.

இவ்விதி வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. 1908இல் வணிக வாரியத்தின் தலைவராக, அதாவது அமைச்சரவை உறுப்பினராக, முதன்முறை நியமிக்கப்பட்ட வின்ஸ்டன் சர்ச்சில் அதே காரணத்தால் வடமேற்கு மான்செஸ்டரில் மறுபடி வாக்குக் கேட்க நேர்ந்து, 429 வாக்குகளில் தோற்றார். டண்டியில் இன்னொரு தொகுதியைத் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1919, 1926 ஆண்டுகளின் சட்டங்கள்தான் அமைச்சர்களை இந்தச் சங்கடத்திலிருந்து விடுவித்தன.

விலக முடியாது என்பது ஒரு தடை. பதவி பெற்றால் இருக்க முடியாது என்பது இன்னொரு தடை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த யாரோ ஒரு கூர்மதியாளருக்கு, இரண்டாவதைக் கொண்டு முதலாவதை உடைக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. 1740இல் சர் வாட்கின் வில்லியம்ஸ்-வின் என்பவர் வேல்ஸில் தம் தந்தை வகித்த முடியரசுக் காரியஸ்தர் பதவியை அடைந்து, அதனாலேயே அவை உறுப்பினர் தகுதியை இழந்தார். சிறு பதவி ஒன்றுகூட ஒருவரை வெளியேற்றப் போதும் என்பதை அந்நிகழ்வு காட்டிற்று. பத்தாண்டு கழித்து, 1751 ஜனவரியில், வேர்ஹாம் தொகுதி உறுப்பினர் ஜான் பிட் டார்செஸ்டரில் போட்டியிட விரும்பினார். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் வேறொரு தொகுதியில் நிற்க இயலாது, விலகவும் இயலாது. ஹென்றி பெல்ஹமின் அரசாங்கம் அவருக்குச் சில்டர்ன் ஹண்ட்ரட்ஸின் காரியஸ்தர் பதவியை அளித்தது. விலகுவதற்கென்றே அப்பதவியைப் பெற்ற முதல் உறுப்பினர் அவர்தாம். இன்னொரு வாசல் வழியாக உள்ளே வருவதற்காகவே அவர் வெளியே போனார் என்பது கவனிக்கத்தக்கது.

ஹண்ட்ரட் என்பது ஆங்கிலேயரின் பழைய நிர்வாகப் பிரிவு. சோழர் காலத்து நாடு, கூற்றம் போன்றது என்று கொள்ளலாம். பக்கிங்ஹாம்ஷயரின் ஸ்டோக், டெஸ்பரோ, பர்னம் என்ற மூன்று பிரிவுகளே சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் எனப்பட்டன. சில்டர்ன் குன்றுகளின் அடர்ந்த பீச் மரக்காடுகள் வழிப்பறிக்காரர்களுக்குப் புகலிடமாக இருந்தன. அங்கே அமைதி காக்கவும் வரவு செலவைப் பார்க்கவும் மன்னரால் அமர்த்தப்பட்ட ஒருவகை மணியக்காரரே அந்தக் காரியஸ்தர். பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் திருடர்களும் போய்விட்டார்கள், வேலையும் போய்விட்டது. பதவியின் பெயர் மட்டும் மிஞ்சியது. ஈட்டன் பள்ளி இருப்பது இந்த ஸ்டோக் பிரிவில்தான். அப்பள்ளியில் படித்துப் பிரதமரானவர்களுள் சிலர் பிற்காலத்தில் அதே மண்ணின் கற்பனை மணியக்காரர்களாக அரசியலை விட்டுப் போயிருக்கிறார்கள். 2023 ஜூனில் சில்டர்ன் பதவியை ஏற்ற போரிஸ் ஜான்சன் அண்மைய உதாரணம்.

ஒரே பதவி போதவில்லை என்றபோது வேறு சில பண்ணைகளின் காரியஸ்தர் பதவிகளும் இவ்வாறே பயன்பட்டன. ஓல்ட் ஷோரம், ஈஸ்ட் ஹெண்ட்ரெட், ஹெம்போம் என்று அந்தப் பட்டியல் நீளும். ஸ்கார்பரோவை அடுத்த நார்த்ஸ்டெட் 1840களில் இவ்வழக்கத்துக்குள் வந்தது; அதன் பண்ணை வீடு எப்போதோ பாழடைந்து மறைந்தது. மற்றவை காலப்போக்கில் உதிர, சில்டர்னும் நார்த்ஸ்டெடும் மட்டும் நிலைத்தன. இரண்டு இருப்பதால் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றி வழங்கலாம். புதியவர் நியமிக்கப்பட்டதும் பழையவரின் காலம் முடிந்துவிடும்.

இந்தப் பதவிகளை வழங்கும் அதிகாரம் நிதியமைச்சரிடம் இருக்கிறது. அவைத்தலைவரிடமோ, வாக்காளரிடமோ, நீதிமன்றத்திடமோ இல்லை. உறுப்பினர் வெளியேறும் கதவின் சாவி நிர்வாகத்துறையின் கையில். அரசாங்கத்தின் பணப்பையிலிருந்து அவையைக் காக்க எழுதப்பட்ட விதி, கடைசியில் அந்தப் பணப்பையை வைத்திருப்பவரிடமே அவையின் கதவை ஒப்படைத்த முரணைச் சட்ட வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

அந்தச் சாவி திருப்ப மறுக்கப்பட்டதும் உண்டு. 1841 பொதுத்தேர்தலில் நடந்த லஞ்சம் குறித்துப் பல தொகுதிகளிலிருந்து மனுக்கள் வந்தன. விசாரணை நடந்தால் இரு தரப்பும் அம்பலப்படும் என்பதால், மனுவைத் திரும்பப் பெறுவது, பதிலுக்கு வென்றவர் சத்தமில்லாமல் பதவி விலகி இடத்தைக் காலிசெய்வது என்ற ரகசிய உடன்பாடுகள் செய்துகொள்ளப்பட்டன. ஜான் ஆர்தர் ரோபக் இதை 1842இல் அவையில் உடைத்துப் பேசினார். விசாரணைக் குழுவும் அமைந்தது. அவ்வேளையில் ரெடிங் தொகுதியின் செல்சீ பிரபு சில்டர்ன் பதவிக்கு விண்ணப்பித்தபோது, இத்தகைய பேரத்துக்குத் தாம் உடந்தையாக முடியாது என்று நிதியமைச்சர் ஹென்றி கோல்பர்ன் மறுத்துவிட்டார். மறுப்பு நியாயமானதே. ஆனால் நியாயமான காரணத்துக்காக மறுக்க முடிந்தவர் நியாயமற்ற காரணத்துக்காகவும் மறுத்திருக்கலாம். அதன்பின் விண்ணப்பித்தவருக்கு மறுக்காமல் கொடுப்பதே வழக்கமாயிற்று. அதிகாரம் சடங்காகத் தேய்ந்தது.

சடங்கிலும் ஒரு நெருடல் எழுந்தது. நியமனக் கடிதத்தில், பெறுபவரின் நேர்மையிலும் திறமையிலும் நம்பிக்கை வைத்து இக்கௌரவம் அளிக்கப்படுவதாகப் பழைய பாணியில் சொற்கள் இருந்தன. 1861இல் எட்வின் ஜேம்ஸ் என்ற வழக்கறிஞர்-உறுப்பினர் பெருங்கடனில் மூழ்கி, பதவி விலகி, அமெரிக்காவுக்குப் போனார். அவருக்கான கடிதத்தில் அந்தப் புகழ்மொழிகள் விடப்பட்டன. பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த பதவியில்கூடப் பொய்யான பாராட்டை எழுத ஓர் எழுத்தருக்குக் கை வரவில்லை போலும்.

இருபதாம் நூற்றாண்டில் இப்புனைவு எதிர்பாராத பயன்களைத் தந்தது. தந்தை இறந்ததால் பிரபுப் பட்டம் தலையில் வந்து விழ, காமன்ஸ் சபை இடத்தை இழந்த டோனி பென், பட்டத்தைத் துறக்கும் உரிமைக்காகப் போராடினார். அவர் இழந்த பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியை அனுபவித்துவந்த மால்கம் செயின்ட் கிளேர், சட்டம் மாறினால் தாம் விலகுவதாக வாக்களித்திருந்தார். 1963இல் பிரபுப் பட்டச் சட்டம் நிறைவேறிய வேளையில், சொன்ன சொல் தவறாமல் நார்த்ஸ்டெட் பதவியை ஏற்று வழிவிட்டார். பென் இடைத்தேர்தலில் வென்று திரும்பினார். வேலையில்லாத ஒரு பதவி அன்று ஒரு கண்ணியமான காரியத்தைச் செய்தது.

1985 டிசம்பர் 17 அன்று, ஆங்கில-ஐரிஷ் உடன்படிக்கையை எதிர்த்து வட அயர்லாந்தின் யூனியனிஸ்ட் உறுப்பினர்கள் 15 பேர் கூட்டாக விலகினார்கள். அத்தனை பேரும் ஒரே நாளில் சில்டர்னுக்கும் நார்த்ஸ்டெடுக்கும் மாறி மாறி நியமிக்கப்பட்டார்கள். தங்கள் எதிர்ப்புக்கு மக்கள் ஒப்புதல் பெறுவதே நோக்கம். 1986 ஜனவரி இடைத்தேர்தல்களில் 14 பேர் மீண்டார்கள். நியூரி-ஆர்மா தொகுதியைச் சமூக ஜனநாயக தொழிலாளர் கட்சியின் சேமஸ் மலன் கைப்பற்றினார். 2008இல் குற்றச்சாட்டின்றி 42 நாள் காவலில் வைக்கும் மசோதாவை எதிர்த்து டேவிட் டேவிஸ் விலகியதும், அதே தொகுதியில் நின்று வென்றதும் இவ்வரிசையில் வரும். ஜான் பிட் தொடங்கி வைத்தது போலவே, திரும்பி வருவதற்கான வெளியேற்றங்கள் இவை.

1975இன் தகுதியிழப்புச் சட்டம் இந்த இரண்டு பதவிகளையும் நான்காம் பிரிவில் பெயர் சொல்லி, இவற்றை ஏற்பவர் தகுதியிழப்பார் என்று எழுதியது. அத்தனை சொற்களை எழுதிய கை, உறுப்பினர் கடிதம் கொடுத்து விலகலாம் என்று ஒரே வரி எழுதியிருக்க முடியும். எழுதவில்லை. பழமைப் பற்று என்று மட்டும் இதை விளக்குவது போதாது. உறுப்பினர் தாமாகப் போவதில்லை, சட்டம் அவரை நீக்குகிறது என்ற கோட்பாட்டை, அதாவது 1624இன் கோட்பாட்டை, அவை உள்ளூரக் கைவிட விரும்பவில்லை என்றே தோன்றுகிறது.

அதற்கு விலையும் உண்டு. 2023 ஜூன் 9 அன்று உடனடியாக விலகுவதாக அறிவித்த நடீன் டாரிஸ், பதவிக்கு முறைப்படி விண்ணப்பித்து நியமனம் பெற்றது ஆகஸ்ட் 29இல்தான். இடைப்பட்ட 80க்கும் மேற்பட்ட நாட்கள் மிட் பெட்ஃபர்ட்ஷயர் மக்கள், போகிறேன் என்று சொல்லிவிட்ட ஒருவரின் பிரதிநிதித்துவத்தில் இருந்தார்கள். அறிவிப்புக்குச் சட்டத்தில் பொருளில்லை, விண்ணப்பத்துக்கே பொருள்.

ஆடம்ஸ் விவகாரத்தில் தலைகீழாக நடந்தது. விண்ணப்பம் இல்லை, கடிதத்தையே விண்ணப்பமாக எடுத்துக்கொண்டது கருவூலம். நியமனம் அறிவிக்கப்பட்டதும் அவர் தகுதியிழந்தார், விண்ணப்பித்தாரா ஏற்றாரா என்பது பொருட்டன்று என்று சபாநாயகர் ஜான் பெர்கோ விளக்கினார். பதவியை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னதற்காகப் பிரதமர் அலுவலகம் ஆடம்ஸிடம் வருத்தம் தெரிவித்தது. 2013இல் மார்ட்டின் மெக்கின்னஸ் விலகியபோதும் இதே கதை: கேட்காத பதவி, மறுக்க முடியாத நியமனம். சட்டப் புனைவு ஒன்று, அதில் பங்கேற்பவர்கள் அனைவரும் அதைப் புனைவு என்று ஒப்புக்கொண்டு விளையாடும்வரை தீங்கற்றது. முடியரசையே ஏற்காத ஒருவரை அதன் ஊழியர் என்று ஏட்டில் எழுதும்போது விளையாட்டு நின்றுவிடுகிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் தனக்கு மறுத்துக்கொண்ட வசதியைக் காலனிக்குக் கொடுத்திருந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் ஆளுநருக்குத் தம் கைப்பட எழுதி விலகலாம். இந்திய அரசியலமைப்பு இந்த நேர்வழியையே எடுத்துக்கொண்டது. 101ஆம் உறுப்பின்படி அவைத்தலைவருக்கு எழுதினால் போதும். அதே சமயம் 102ஆம் உறுப்பில் ஆதாயம் தரும் பதவி என்ற பழைய தடையும் இடம்பெற்றது. 1701இன் அச்சம் இந்தியாவுக்கு வந்தது. அதைக் கொண்டு கதவு திறக்கும் தந்திரம் வரவில்லை. இங்கே அந்தத் தடை கதவாக அல்லாமல் பொறியாகவே வேலை செய்தது. 2006இல் உத்தரப்பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தலைவர் பதவியால் ஜெயா பச்சன் மாநிலங்களவை இடத்தை இழந்தார். தேசிய ஆலோசனைக் குழு குறித்த சர்ச்சையில் சோனியா காந்தி மக்களவையிலிருந்து விலகி, ரேபரேலியில் மீண்டும் வென்றார். பல பதவிகளுக்கு முன்தேதியிட்டு விலக்கு அளித்த மசோதாவைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியதும், நாடாளுமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியதும் அவ்வாண்டில்தான்.

நேர்வழியும் நெடுநாள் நேராக இருக்கவில்லை. 1974இல் குஜராத்தில் நவநிர்மாண் கிளர்ச்சியின்போது சட்டமன்ற உறுப்பினர்கள் விலகக் கோரி முற்றுகையிடப்பட்டார்கள். பீகாரிலும் அதே கோரிக்கை எழுந்தது. அவ்வாண்டே 33ஆவது திருத்தம் வந்தது. கடிதம் மட்டும் போதாது, அவைத்தலைவர் ஏற்க வேண்டும். தாமாக மனமுவந்து தந்ததன்று, உண்மையானதன்று என்று கண்டால் அவர் ஏற்காதிருக்கலாம். தெருவின் நிர்ப்பந்தத்திலிருந்து உறுப்பினரைக் காக்க எழுதப்பட்ட இவ்விதியால், லண்டனில் நிதியமைச்சரிடம் தேய்ந்துபோன சாவி இந்தியாவில் அவைத்தலைவர் கையில் புதிதாக வார்க்கப்பட்டது.

2019 ஜூலையில் கர்நாடகத்தில் ஆளும் கூட்டணியின் உறுப்பினர்கள் அடுத்தடுத்து விலகல் கடிதம் கொடுத்துவிட்டு மும்பை விடுதியில் தங்கியபோது அச்சாவி சோதனைக்குள்ளானது. பேரவைத் தலைவர் ரமேஷ் குமார் கடிதங்களை உடனே ஏற்கவில்லை. ஆட்சி கவிழ்ந்த பின்னர் 17 பேரைக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் கீழ்த் தகுதிநீக்கம் செய்து, அப்பேரவையின் காலம் முடியும்வரை போட்டியிடவும் தடை விதித்தார். விலகல் தாமாகத் தந்ததா, உண்மையானதா என்பதைத் தாண்டி உள்நோக்கத்தை ஆராயும் அதிகாரம் பேரவைத் தலைவருக்கு இல்லை என்று நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. தகுதிநீக்கத்தை உறுதிசெய்தது, போட்டியிடுவதற்கான தடையை நீக்கியது. டிசம்பர் 5 அன்று 15 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. நீக்கப்பட்டவர்களுள் களமிறங்கியோரில் பெரும்பாலோர் வேறு கட்சியின் சின்னத்தில் வென்று அதே அவைக்குத் திரும்பினார்கள்.